காருக்குள் ஆறு மூட்டைத் தேயிலை

துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த ஒரு காரை ஆறே வாரத்தில் துருப்பிடிக்க வைத்தவன் நான். ஏரியில் இறக்கிவிட்டிருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

கேமரன் மலையில் பனிக்கட்டி கொட்டுவதில்லை. ஆனால் வருடக் கடைசி மழை பிடித்துக்கொண்டால் சுவர் வேர்க்கும், தீப்பெட்டி நமத்துப்போகும், திங்கட்கிழமை காயப்போட்ட சட்டையை வெள்ளிக்கிழமை ஈரமாகவே போட்டுக்கொண்டு போக வேண்டும். அந்த வருடம் எனக்குக் கூடுதலாக ஒரு கவலை. என் மகள் ரூபா தாதியர் பயிற்சிக்கு மனுப்போட்டிருந்தாள். ஜனவரியில் ஈப்போவில் நேர்முகத் தேர்வு, காலை பதினொரு மணிக்கு. வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். நாங்கள் இருந்தது திரிங்காப்புக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. எங்களிடம் இருந்தது ஒரு பழைய வெள்ளைக் கார், அதை நம்பி நான்.

அதனால் அந்த நாள்வரை காரைப் பொத்திப் பாதுகாப்பது என்று முடிவெடுத்தேன். வேலைக்கு யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு போய்க்கொள்ளலாம். கைத்தொலைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ரோட்டில் தூவும் உப்பால் கார் துருப்பிடிக்கும் என்றார்கள். எங்கள் ரோட்டில் யாரும் உப்புத் தூவுவதில்லை என்பதால் பாதி ஆபத்து நீங்கியதென்று மகிழ்ந்தேன். நன்றாகக் கழுவு என்றார்கள், கழுவினேன். மூடி வை என்றார்கள். காய்கறித் தோட்டத்தில் செடிகளுக்குக் கூரையாகப் போடும் பிளாஸ்டிக் விரிப்பை வாங்கிவந்து, கூரையிலிருந்து டயர்வரை சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். (கழுவுவதற்கும் மூடுவதற்கும் நடுவில் காயவைப்பது என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்த வரி என் கண்ணில் படவில்லை.)

இதற்குமேல் செய்ததுதான் என் சொந்தக் கண்டுபிடிப்பு. நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, இருப்புக் கணக்கு எழுதுபவன். காய்ந்த தேயிலை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும், திறந்து வைக்காதே என்று பதினைந்து வருடமாக எல்லோரையும் விரட்டியவன். அப்படியானால் காருக்குள் தேயிலையை வைத்தால்? சலித்தபின் ஒதுக்கும் தூசியும் தண்டும் ஆறு மூட்டை கேட்டேன். எதற்கு என்றார் மானேஜர். “செடிக்கு உரமாப் போட, துரை” என்றேன். ஆறையும் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடங்களில் வரிசையாக அடுக்கினேன்.

“ஈரத்துணிய மடிச்சுப் பொட்டியில வெச்ச மாதிரி இருக்குங்க” என்றாள் என் மனைவி புஷ்பம்.

“இது சயின்ஸ். உனக்குப் புரியாது” என்றேன்.

பக்கத்து வீட்டு ஆறுமுகம், முட்டைக்கோஸ் லோரி ஓட்டுபவர், விரிப்பைச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்ன கிராணி, கெரேத்தாவுக்குச் சளி புடிச்சிருக்கா? இப்படிப் போத்தி விட்டிருக்கீங்க?”

“காருக்குத் துரு வந்திரும் ஆறுமுகம், துரு.”

“நனைஞ்சா நனையட்டும் லா. தெனம் ரெண்டு ரவுண்டு ஓட்டுங்க, காத்துப் பட்டாக் காஞ்சிரும். ஹேண்ட் பிரேக்க மட்டும் போட்டு வெக்காதீங்க, ஒட்டிக்கும். டயருக்குக் கல்லு குடுங்க போதும்.”

படிக்காத மனுஷன், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீடு சரிவில் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இன்னும் ஒரு பல் இழுத்துவிட்டேன்.

ஆறு வாரம் மழை. ஒருமுறைகூட நான் பிரித்துப் பார்க்கவில்லை.

தேர்வு நாள் காலை. வெள்ளைச் சட்டையும் பின்னிய தலையுமாக ரூபா, கையில் சான்றிதழ்க் கோப்பு. நான் கயிற்றை அறுத்தேன். விரிப்புக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. கதவைத் திறந்ததும் காலடியில் பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது.

“ஐயோ, துருங்க!” என்றாள் புஷ்பம்.

“இல்லை, தேத்தண்ணி” என்றேன், நிம்மதியாக. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. தேயிலை ஈரத்தை இழுத்தது உண்மை. இழுத்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தரைத்தகட்டோடு ஒட்டிப் படுத்துவிட்டது. ஸ்டீயரிங்குக்கு வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. ஒரு மூட்டையின் மேல் காளான். ஆனாலும் இஞ்சின் கிளம்பிவிட்டது! கியர் போட்டு மிதித்தேன். கார் உறுமியது, பின்பக்கம் குந்தியது, ஓர் அங்குலம் நகரவில்லை. பிரேக் துருவேறி டிரம்மோடு பிடித்துக்கொண்டிருந்தது. புஷ்பம் தள்ளினாள், நான் தள்ளினேன். அந்த வெள்ளைச் சட்டையோடு ரூபாவும் தள்ள வந்தாள்.

“அப்பா, மணி எட்டாகப் போகுதுப்பா” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அப்போதுதான் ஆறுமுகத்தின் லோரி வளைவில் நின்றது. முழு லோட்டு, ஈப்போ சந்தைக்கு. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரூபாவைப் பார்த்தார்.

“பாப்பா, ஏறு. கிராணி, நீங்களும் ஏறுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். விரிப்பில் ஒரு துண்டு வெட்டிக் கோப்பைச் சுற்றிக்கொண்டாள் ரூபா. (அந்தப் பிளாஸ்டிக் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.) சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கும்போது, கோஸ் வாங்கும் சந்தை முதலாளி, தவுக்கே, போனில் மூன்று முறை கூப்பிட்டார், கோஸ் எங்கே என்று. “டயர் பஞ்சர் தவுக்கே” என்றார் ஆறுமுகம், அறுபதில் போய்க்கொண்டே. (அந்த வளைவுகளில் நான் முப்பதைத் தாண்டியதில்லை.) சந்தையைத் தாண்டி, பயிற்சிக் கல்லூரி வாசல்வரை அந்த லோரியைக் கொண்டுபோய் நிறுத்தினார். மணி பத்தரை. காவலாளி கோஸ் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போகும் வழியைக் காட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகமே சுத்தியலோடு வந்து சக்கரங்களைக் கழற்றி, தட்டித் தட்டி விடுவித்தார். தரைத்தகட்டில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கும் ஒரு தகரம் தேடிக்கொண்டு வந்திருந்தார். அன்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். “நான் அப்பவே சொன்னேனே” என்ற வாக்கியம் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. அந்த லோரிப் பயணத்துக்கு நன்றி சொல்லிவிட்டேன். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எதிரே வந்தால் எழுந்து நிற்கிறேன், அவ்வளவுதான்.

ரூபாவுக்கு இடம் கிடைத்தது. இப்போது ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் தாதி. போன தீபாவளிக்கு அவள் வந்திருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மனசு இளகிவிட்டது. “அன்னைக்கு அந்தக் கார் ஓடாமப் போனது என் தப்புதாம்மா. அந்த லோரி வரலன்னா உன் வாழ்க்கையே போயிருக்கும்” என்றேன்.

அவள் மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஓடியிருந்தாதாம்ப்பா போயிருக்கும். நீங்க ஓட்டுற வேகத்துக்கு, நம்ம இன்னும் சிம்பாங் பூலாயே தாண்டியிருக்க மாட்டோம்.”