மகாராணி விழுந்தால் சிரிக்க வேண்டும்

பதினோராவது முறையாக மகாராணி வழுக்கி விழுந்தார். சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சிரிக்காததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மந்திரி வேடத்தில் நின்ற கணக்கு ஆசிரியர் சண்முகராஜ் ஓடிப்போய்க் கை கொடுத்தார். "மேடம், அடி கிடி பட்டுச்சா?" சேனாதிபதி வாளைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினார். தோழியாக நடித்த ஷெரின் டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டார்.

"நிறுத்துங்க!" என்று கத்த நினைத்தார் தமிழாசிரியர் வைகுண்டராஜ். காற்றுதான் வந்தது. நாடகத்தை எழுதியவரும் இயக்குபவரும் அவர்தான். ஆனால் விழுந்து கிடப்பவர் பள்ளியின் தாளாளர் சுகிர்தம் அம்மாள் அல்லவா!

கதை இதுதான். மாயமலை நாட்டு இளவரசி, முடிசூட்டும் நாளில் நிறைந்த சபையில் வழுக்கி விழுகிறாள். சபையே கைகொட்டிச் சிரிக்கிறது. அந்த அவமானம் தாங்காமல் மந்திரம் கற்று, கொடிய ராணியாகி, நாட்டையே கல்லாக்குகிறாள். சபை சிரித்தால்தான் அவள் கெட்டவளாக முடியும். இங்கேயோ சபை அவளுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தது.

வைகுண்டராஜ் முதலில் தாளாளருக்கு எழுதியது கருணை மிகுந்த வனதேவதை வேடம். படித்துப் பார்த்த சுகிர்தம் அம்மாள் தாளைத் தள்ளி வைத்துவிட்டார். "இத வேற யாருக்காவது குடுங்க. எனக்கு இந்தக் கெட்டவதான் வேணும்."

கூடவே ஒரு வாக்கும் கொடுத்தார். நாடகம் நல்லபடியாக நடந்தால் வைகுண்டராஜின் வேலை நிரந்தரம். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆசிரியராகவே காலம் தள்ளியவர் அவர். ஒவ்வொரு ஜூன் மாதமும், 'இந்த வருடம் கூப்பிடுவார்களா?' என்று அவர் வீட்டில் சோறு இறங்காது. அதனால் இந்தச் சிரிப்பு அவருக்கு விளையாட்டு இல்லை.

சுகிர்தம் அம்மாள் தரையிலிருந்தபடியே சொன்னார். "சார், ஒருத்தி கெட்டவளாகிறதுக்குக் கொலை, கொள்ளையெல்லாம் வேண்டாம். அவ ஊருக்கு முன்னாடி விழணும். ஊரு சிரிக்கணும். அம்புட்டுத்தான். அந்தச் சிரிப்ப எப்பிடியாச்சும் கொண்டாங்க."

சண்முகராஜ் ஒரு யோசனை சொன்னார். "ஆளுதான சார் சிரிக்கப் பயப்படுது? போன்ல பதிவு பண்ணிப் போட்ருவோம்." மறுநாள் மதியம், யாருக்கும் சொல்லாமல் ஆசிரியர் அறையில் போனை ஒளித்துவைத்து, சாப்பாட்டு நேரச் சிரிப்பை அப்படியே பிடித்துவிட்டார்.

மாலை ஒத்திகையில் ராணி விழுந்தார். ஒலிபெருக்கியில் அருமையான சிரிப்பு எழுந்தது. வைகுண்டராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார். சிரிப்பு அடங்கியதும் ஒரு குரல் தொடர்ந்தது: "அந்தம்மா வராந்தாவுல நடந்து வந்தா, ரோடு ரோலர் வர்ற மாதிரி செவரே அதிருதுய்யா!"

வைகுண்டராஜின் குரல்தான் அது.

சுகிர்தம் அம்மாள் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "யாரு சார் இது?"

"அது... அந்தப்புரத்துல ஒரு தோழி, மேடம்."

"ஆம்பளக் குரலால்ல இருக்கு?"

"தோழிக்கு... ஜலதோஷம் மேடம்."

பதிவு ஒழிந்தது. வேறு வழி தெரியாத வைகுண்டராஜ், தாளாளரிடமே போய்ச் சுற்றறிக்கை கேட்டார். அதுவும் வந்தது. 'நாளை மாலை நான்கு மணி ஒத்திகையில் தாளாளர் விழும்போது அனைத்து ஆசிரியர்களும் தவறாமல் சிரிக்க வேண்டும்.' எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

நான்கு மணிக்கு ராணி விழுந்தார். பன்னிரண்டு ஆசிரியர்களும் வரிசையாக நின்று, "ஹா, ஹா, ஹா" என்று மூன்று முறை சொல்லிவிட்டு, வருகைப் பதிவு எடுத்ததுபோல் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஷெரின் டீச்சருக்குச் சிரிப்புக்குப் பதில் அழுகை வந்துவிட்டது.

"இது சிரிப்பா, எழவு வீடா?" சுகிர்தம் அம்மாள் எழுந்து சேலையை உதறினார். "சனிக்கிழமை விழா. அன்னைக்குச் சிரிப்பு வரலைன்னா, திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம் சார்."

சம்பளம் வாங்குகிற எவருக்கும் இந்த அம்மாளைப் பார்த்துச் சிரிப்பு வராது. சம்பளம் வாங்காத ஆள்தான் வேண்டும். அப்போதுதான் பஞ்சம்மாளின் நினைவு வந்தது. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். பேத்தி வைகுண்டராஜின் வகுப்பில் ஏழாவது படிக்கிறாள். பஞ்சம்மாள் சிரித்தால் அந்தத் தோட்டத்தில் கிளி விரட்டத் தனியாக ஆள் வேண்டாம் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பந்தலுக்கடியில் அவரைக் கண்டுபிடித்தார்.

"நாடகமா? எனக்கு வசனமெல்லாம் வராது சார்."

"வசனமே இல்லம்மா. அரண்மனைத் தாதி வேசம். ராணி விழுந்ததும் நீங்க மனசு விட்டுச் சிரிக்கணும். அவ்வளவுதான்."

"ராணி யாரு?"

"எங்க தாளாளர் அம்மா."

பஞ்சம்மாள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கூடைக்குள் வைத்தார். "எம்புட்டு நேரம் சிரிக்கணும்?"

"முடிஞ்ச மட்டும்."

"வாரேன்," என்றார் பஞ்சம்மாள். "ஒத்திகையெல்லாம் எனக்கு வேண்டாம்."

சனிக்கிழமை மாலை. சுற்றுவட்டாரத்துச் சனம் முழுக்கப் பள்ளி மைதானத்தில் கூடியிருந்தது. திரை விலகியது. பட்டுச்சேலை, அட்டைக் கிரீடம், அடுக்கடுக்காகக் கழுத்து நகை என்று மகாராணி நடந்து வந்தார். படியில் கால் வைத்தார். தடாலென்று விழுந்தார். கிரீடம் உருண்டு போய் முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினரின் மடியில் உட்கார்ந்தது.

ஓரத்தில் நின்ற தாதி சிரித்தாள்.

வெறும் சிரிப்பா அது! வயிற்றைப் பிடித்து, தொடையைத் தட்டி, மூச்சு வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிற சிரிப்பு. சண்முகராஜுக்கு உதடு துடித்தது. சேனாதிபதிக்குத் தோள் குலுங்கியது. ஷெரின் டீச்சர் வாயைப் பொத்தினார், முடியவில்லை. இத்தனை வருடம் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் பீறிட்டுக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பேரும் மேடையில் உருண்டார்கள். பெற்றோர் சிரித்தார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள், வாசலில் காவலாளி பேச்சிமுத்து லத்தியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

திரைக்குப் பின்னால் நின்ற வைகுண்டராஜ் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை சிரிப்பைத் தாளாளர் தாங்குவாரா, திங்கட்கிழமை எந்தக் கடையில் வேலை கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

சுகிர்தம் அம்மாள் எழுந்தார். தாதியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். 'இந்த நாட்டையே கல்லாக்குவேன்' என்ற வசனத்தை வைகுண்டராஜ் எடுத்துக் கொடுத்தார். அது அவர் காதில் ஏறவே இல்லை.

"சிரியுங்கள்!" என்று முழங்கினார் ராணி. "இன்று சிரித்த ஒவ்வொருவரின் வீடும் எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளை, உங்கள் பேரப்பிள்ளைகளை என் கோட்டைக்குள் கொண்டுவருவேன். குனிந்த தலை நிமிர விடமாட்டேன்! இது சத்தியம்!"

வைகுண்டராஜ் எழுதாத வசனம் அது. குரலில் இருந்த ஆத்திரத்தைக் கேட்டு முன்வரிசைக் குழந்தை ஒன்று வீரிட்டது. அடுத்த நொடி மைதானமே எழுந்து கைதட்டியது. விசில் பறந்தது.

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே போனார் வைகுண்டராஜ். சுகிர்தம் அம்மாள் ஒரு உறையை நீட்டினார். பணி நிரந்தர ஆணை! கையெழுத்து இன்னும் காயவில்லை.

"மேடம்... அந்தத் தாதி கொஞ்சம் அதிகமா..."

"சரியாத்தான் சிரிச்சா சார்," என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்தபடி. "சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க."

வைகுண்டராஜுக்குத் தரையில் கால் பாவவில்லை. பஞ்சம்மாள் வெளியே முகத்துச் சாயத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்களாலதான் எனக்கு வேலை நிரந்தரமாச்சு! மேடம் அந்த வசனத்த எங்கருந்து பிடிச்சாகன்னுதான் தெரியல."

"இங்கனதான், இதே ஊர்லதான் சார். அவுக அப்பாவுக்கு அப்ப இங்கனதான் பலசரக்குக் கடை. எங்கூட இங்க ஆறாப்பு படிக்கையில நாடகத்துல ராணி வேசம் கட்டி, இதே மாதிரி விழுந்தா. மொத ஆளாச் சிரிச்சது நான். பெறகு ஊரே சிரிச்சது. அழுதுக்கிட்டே இதத்தான் சொன்னா, ஒரு எழுத்து மாறல. மறு வாரம் கடையக் காலி பண்ணிக்கிட்டுத் தேனிக்குப் போயிட்டாக."

வைகுண்டராஜுக்கு அந்தச் சின்னப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. "பாவம். ஆனாலும் பெரிய மனசு பாருங்க. அதையெல்லாம் மறந்துட்டு, அதே ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் கட்டியிருக்காக."

பஞ்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிரிச்ச வீட்டையெல்லாம் தேடி வந்து பேரம்பேத்திகளுக்குச் சீட்டுக் குடுத்தா. எம்பேத்தி தெனமும் பத்துப் பக்கம் வீட்டுப்பாடம் எழுதித் தலை நிமிர முடியாமக் கெடக்கா. பழி தீக்குற அந்தப் படையிலதான் சார் உங்கள இன்னைக்கு நிரந்தரமாச் சேத்திருக்கா!"