மாமனாருக்கு மெக்ஸிகோ மரியாதை

என் மாமனாரை நான் கொன்றது இந்த வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. கத்தி இல்லை, விஷம் இல்லை. எமர்ஜென்சி லீவு படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி. ஆள் காலி.

காலேஜ் நண்பர்கள் பன்னிரண்டு பேர் கொடைக்கானலில் கூடினார்கள். எனக்கு லீவு பாக்கி இல்லை. சொந்த அப்பா அம்மாவைக் கொல்ல மனசு வரவில்லை. மாமனார் என்றதும் கை தானாக எழுதிவிட்டது. மனைவி வடிவிடம் சென்னையில் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டுத் துபாயிலிருந்து பறந்தேன்.

கையெழுத்துப் போட்ட மேனேஜர் எர்னெஸ்டோ மெக்ஸிகோக்காரர். தங்கமான மனுஷன். என் தோளில் கை வைத்து, கண் கலங்கி, ஐந்து நாள் கேட்டவனுக்கு ஏழு நாள் கொடுத்தார். அன்றைக்கே எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மொத்தமாகச் சேர்ந்து பிறகு வந்தது.

அக்டோபர் கடைசியில் எர்னெஸ்டோ தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நவம்பர் ரெண்டு, எங்க ஊர்ல இறந்தவங்க வீடு திரும்பற நாள். துக்கம் கிடையாது ரவி, பண்டிகை. போட்டோ வச்சு, சாமந்திப் பூ போட்டு, அவங்களுக்குப் பிடிச்சதைப் படைப்போம். உன் மாமனாருக்கு இது முதல் வருஷம். ஞாயித்துக்கிழமை உன் வீட்டுலயே கொண்டாடுவோம். எச்.ஆர். நஸீஹாவையும் கூட்டிட்டு வரேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"இந்த ஊர்ல எனக்குன்னு வேற யார் இருக்கா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சிக்கல் என்னவென்றால், இறந்தவர் ஏற்கெனவே வீடு திரும்பியிருந்தார். விசிட் விசாவில். மூன்று வாரமாகக் கராமாவில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து என் மகள் சம்யுக்தாவோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். பெயர் அம்மையப்பன். பாளையங்கோட்டையில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது. பிரஷர்கூடக் கிடையாது.

எர்னெஸ்டோவுக்கு உண்மை தெரிந்தால் என் வேலை போகும். வடிவுக்குத் தெரிந்தால், வேலை போனதெல்லாம் ஒரு பொருட்டாகவே இருக்காது.

திட்டம் போட்டேன்.

"வடிவு, ஞாயித்துக்கிழமை ஆபீஸ்காரங்க வாராங்க. ஏதோ மெக்ஸிகோ பண்டிகையாம்."

"வரட்டும். சமைச்சுப் போடுதேன்."

"சமைச்சு வச்சுட்டு நீ, மாமா, பாப்பா மூணு பேரும் ஷார்ஜாவுல உங்க சித்தி மக வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்."

"எங்கப்பா இங்க இருந்தா மெக்ஸிகோவுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"பாட்டுச் சத்தம் பயங்கரமா இருக்கும். மாமா நெஞ்சு தாங்காது."

"எங்கப்பா நெஞ்சுக்கு என்ன வந்துச்சு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் வரல."

ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

மாமனார் போட்டோ என் போனிலேயே இருந்தது. போன வாரம் தேராவில் அப்ராப் படகில் போனபோது எடுத்தது. மார்ச்சில் செத்தவர் அக்டோபரில் துபாயில் படகு சவாரி செய்தால் கேள்வி வரும். ஸ்டூடியோக்காரரிடம் பின்னணியை மாற்றச் சொன்னேன்.

"மேகம் வச்சிரலாமா சார்?"

"வைங்க."

"கீழ தோற்றம், மறைவு போடணுமே. தேதி?"

தோற்றம் எனக்குத் தெரியவில்லை. மறைவு மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வடிவு திடீரென்று இறங்கி வந்தாள். "நாங்க ஷார்ஜா போறோம். அப்பாவும் சரின்னுட்டாவ." ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தாள். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு பொரியல், பால்கொழுக்கட்டை. அத்தனையும் மாமனாருக்கு உயிர். மெக்ஸிகோ பண்டிகைக்கு எதற்குச் சொதி என்று எனக்கு உறைக்கவில்லை. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஐந்து மணிக்கு மூவரும் கிளம்பினார்கள். ஆறு மணிக்கு எர்னெஸ்டோவும் நஸீஹாவும் வந்தார்கள். அவர் ரொட்டியும் மெழுகுவத்தியும் கொண்டுவந்திருந்தார். மேகத்தில் மிதந்த மாமனாருக்கு நான் மீனா பஜாரில் வாங்கிய சாமந்தி மாலையைப் போட்டேன். எதிரே சொதியை வைத்தோம்.

"எப்படிப் போனார்?" என்று எர்னெஸ்டோ கேட்டார்.

"தூக்கத்துல சார். நிம்மதியா."

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" இது நஸீஹா.

"மாப்ளே, குடும்பத்தைப் பாத்துக்கோங்கன்னு சொன்னார்."

"தூக்கத்துலயா?"

"நடுவுல ஒரு தடவை முழிச்சார்."

எர்னெஸ்டோ கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நானும் இரண்டு சொட்டு விட்டேன். நிஜமாகவே வந்தது. நல்ல மனுஷன், இவ்வளவு சீக்கிரம் போயிருக்க வேண்டாமே என்று எனக்கே தோன்றிவிட்டது.

காலிங் பெல் அடித்தது.

வாசலில் வடிவு. பக்கத்தில் பட்டு வேட்டியில் மாமனார். பின்னால் சம்யுக்தா, "டாடி, யூ ஆர் ஸோ டெட்" என்றாள்.

எர்னெஸ்டோ எழுந்து போய் மாமனாரின் கையைக் குலுக்கினார். "போன்ல கேட்டதைவிட நேர்ல இளமையா இருக்கீங்க சார்."

வடிவு நிதானமாகச் சொன்னாள்: "இறந்தவருக்கு என்ன படைக்கலாம்னு கேட்டு சார் வியாழக்கிழமை என் நம்பருக்குப் போன் பண்ணியிருக்காவ. நான் அடுப்புல இருந்தேன். அப்பாதான் எடுத்தாவ."

"சொதின்னு சொன்னேன்," என்றார் மாமனார். "அப்புறந்தான் செத்தது யாருன்னு விசாரிச்சேன்."

வடிவு மாலையைக் கழற்றினாள். மாமனார் படத்தைக் குப்புறப் போட்டாள். பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். தொப்பி போட்ட ஒரு வெள்ளை மீசைக்காரர்.

"இது சாரோட அப்பா. நீங்க லீவுல போன அதே வாரம் தவறிட்டாவ. ரெண்டு பேரும் போனா ஆபீஸ் நின்னுரும்னு, உங்கள அனுப்பிட்டு சார் இங்கயே இருந்துட்டாவ."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எர்னெஸ்டோ தன் அப்பா முன்னால் மெழுகுவத்தியை நகர்த்தி வைத்துவிட்டு, இந்த முறை நிஜமாகவே அழுதார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். நான் கொடைக்கானல் போட் ஹவுஸில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த வாரம் அது. செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

"ஏழு நாளையும் அடுத்த வருஷ லீவுல கழிச்சிருவோம் ரவி சார்," என்றாள் நஸீஹா. "வார்னிங் லெட்டர் நாளைக்கு வரும். வேலையை விட்டுத் தூக்க வேண்டாம்னு உங்க மாமனார்தான் கேட்டுக்கிட்டாங்க."

மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "லீவு வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நெஞ்சுவலின்னு நானே ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் படுத்திருப்பேனே மாப்ளே."

"நீங்க ஷார்ஜா போகலையா மாமா?"

"எங்க போனோம்? கீழ கஃபெட்டீரியாவுல டீ குடிச்சுட்டு, இந்த நஸீஹா பிள்ளை இங்க போனை ஆன்ல வச்சிருந்துச்சு, எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தோம்."

எல்லாரும் தட்டோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். சொதியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மாமனார் வெகு பிரியமாகச் சொன்னார்:

"ரோட்டு இரைச்சல்ல எனக்குச் சரியா விளங்கல. நான் எப்படிச் செத்தேன்னு மொதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க மாப்ளே."