பெஞ்சு கிடந்த பதினைந்து சதுர அடி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகனை, அதாவது என் மாப்பிள்ளையை, நான் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. தங்கமான பிள்ளை. ஆனால் அவரை உடனே திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்.

என் மருந்துக்கடையை லாபகரமாக ஆக்கித் தருகிறேன் என்று லீவு போட்டு என் மகளோடு வந்தாரல்லவா, வந்த அன்றே டேப்பால் கடையை அளந்தார், வாசலோரப் பெஞ்சருகே வந்து நின்றார். "இந்தப் பதினஞ்சு சதுர அடி மாசம் என்ன சம்பாதிக்குது மாமா?" என்றார். அதில் சர்வேயர் சார் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. தினமும் ஒரே ஒரு பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு மதியம் வரை பேசுவார். முழு அட்டையையும் கொடுத்துவிட்டால் மறுநாள் வர அவருக்கு ஒரு சாக்கு வேண்டாமா, அதனால் நானும் ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கொடுப்பேன். மாப்பிள்ளை பெஞ்சை மாடியில் ஏற்றிவிட்டு அங்கே ஷாம்பு அடுக்கினார், முப்பது மாத்திரையை மொத்தமாகச் சர்வேயர் கையில் திணித்து, "இனி ஒரு மாசத்துக்கு நீங்க வரவே வேண்டாம் சார்" என்று சிரித்த முகமாக அனுப்பிவைத்தார்.

விற்பனை ஏறிவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் ஐந்து நாளாகச் சர்வேயரைக் காணோம். மாப்பிள்ளையிடம் சொன்னால் கம்ப்யூட்டரைப் பார்த்து, "அடுத்த மாசம்தானே மாமா வரணும், இன்னும் லேட் ஆகல" என்கிறார். நேற்று நானே சர்வேயர் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. பூட்டு வெளியிலா உள்ளேயா என்று பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டேன். அந்தப் படபடப்பில் இன்று காலை, "லாபத்தை மட்டும் பாக்குறவன் மனுஷனா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் எங்கோ போய்விட்டார். மகள் என்னோடு பேசவில்லை. கடை முழுவதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும், அந்தப் பதினைந்து சதுர அடியை மட்டும் எனக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிகள்.

மிக்க பணிவுடன்,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மாப்பிள்ளை சர்வேயரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். சார் பூங்காவில் சீட்டாடிக்கொண்டிருந்தாராம்! "பேச்சுத் துணை இல்லாம தவிச்சிருப்பீங்களே சார்" என்றேன், கண் கலங்கிவிட்டது. "எனக்கென்னய்யா, அங்க நாலு பேரு இருக்காங்க. மகளையும் கட்டிக் கொடுத்துட்டு நீதான் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்த. உனக்குத் துணைக்குத்தான் வந்தேன். எனக்குப் பிரஷரே கிடையாது" என்று முப்பது மாத்திரையையும் மேஜைமேல் வைத்தார். மாப்பிள்ளையைத் திரும்ப அழைக்க வேண்டாம். மாடியிலிருந்து பெஞ்சை இறக்கிக்கொண்டிருக்கிறார், மறுமுனையை நான் போய்ப் பிடிக்க வேண்டும்.