செத்த நட்சத்திரமும் பக்கத்து வளவு யோகராசாவும்

விளக்கம் சொல்கிறவர் என்றொரு இனம் உண்டு; நீங்களும் கண்டிருப்பீர்கள். செத்தவீட்டில் மாரடைப்பு வரும் விதத்தைச் செத்தவரின் பெண்சாதிக்கே விளக்குவார். ஷெல் விழுந்தால், சனம் ஓடி முடிவதற்குள் அது எங்கிருந்து வந்ததென்று சொல்லிவிடுவார். தெரியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

பனிச்சங்கேணியில் அந்தப் பதவி விஞ்ஞான மாஸ்டர் அழகரத்தினத்துக்கு. சண்டைக்காலத்தில் ஒருநாள், பக்கத்து வளவு யோகராசா களப்பில் மீன்பிடிக்கப் போய், வானத்திலிருந்து விழுந்து மிதந்த பென்னாம்பெரிய பொலித்தீனையும் அதில் கட்டியிருந்த பெட்டியையும் இழுத்துவந்தான். ஒழுகுகிற கூரைக்காரன், பெட்டியைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் பொலித்தீனைச் சத்தமில்லாமல் கூரையில் போட்டிருப்பான். மாஸ்டர் விடுவாரா?

ஊரைக் கூட்டினார். இது பலூன், பெட்டிக்குள்ளே தொலைநோக்கி, எங்கோ ஒரு செத்த நட்சத்திரம், பனிச்சங்கேணிக்கும் வாழைச்சேனைக்கும் நடுவில் அடங்கிவிடும், ஆனாலும் சூரியனை விடப் பாரம், அதன் எக்ஸ் கதிர் காற்றைத் தாண்டி நிலத்துக்கு வராது, அதனால்தான் கருவியைப் பலூனில் கட்டி மேலே அனுப்பி, கதிர் எந்தப் பக்கமாக அதிர்கிறதென்று அளக்கிறார்கள் என்று, யோகராசாவின் வலைக்கயிற்றை மேலும் கீழும் பிறகு பக்கவாட்டிலும் ஆட்டி ஆட்டிக் காட்டினார். கூட்டம் கூடியது. கூட்டத்தைக் கண்டு ஆமியும் வந்தது.

அதிகாரிக்கு ஆங்கிலத்தில் மறுபடி முழுப் பாடம். அவர் மாஸ்டர் உட்காரக் கதிரையொன்று எடுத்துப் போடச் சொன்னார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பாடம் முடிந்ததும் அதிகாரி, முழங்காலில் நிறுத்தியிருந்த யோகராசாவைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று கேட்டார். ட்ரக்கின் பின்கதவு திறந்து கிடப்பதை மாஸ்டர் அப்போதுதான் கண்டார்.

"தெரியாது," என்றார்.

அன்று காலை அவர் வீட்டுச் சட்டியில் கொதித்தது யோகராசா கொடுத்த மீன்.

மறுநாள் யோகராசாவின் பெண்சாதி சீதேவி வாசலில் வந்து நின்றாள். "மாஸ்டர், ஆமிக் காம்புக்கு வந்து எங்கட ஆளத் தெரியுமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்."

மாஸ்டர் அவளை இருத்தி, அவசரகாலச் சட்டம் என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கினார். பாதியிலேயே அவள் எழுந்து போனாள். யோகராசா திரும்பி வரவேயில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? நல்லது. உங்களுக்கும் நாலு விசயம் தெரியும்தான். துவக்கோடு ஒருவன் உங்கள் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக் கேட்கட்டும். அப்போது பார்ப்போம், உங்களுக்கு என்ன தெரியுமென்று.