சிவப்புக் கோடு போடுகிறவர்

மனிதர்களில் சிவப்புக் கோட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. செல்போன் செயலியில் நீங்கள் பெயர் எழுதும் கட்டத்துக்கு வெளியே கம்போடு காவல் நிற்பவர் இவர்தான். பெயரைச் சுருக்கினால் 'எழுத்து போதாது' என்பார். நீட்டினால் 'எழுத்து அதிகம்' என்பார். போன் நம்பருக்கு நடுவே மூச்சுவிட ஓர் இடைவெளி விட்டீர்களோ, கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, 'சரியாக நிரப்பவும்' என்று உறுமிவிட்டு, எது சரி என்பதை மட்டும் கடைசிவரை சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன வேலை?

எங்கள் செஞ்சியில் எழிலன் இருக்கிறார். மனைவி பூங்குழலி, "சாம்பார் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றால், "கொஞ்சம்னா எத்தினி கரண்டி? நம்பரா சொல்லு" என்பார். இவர்தான் பாம்பு பிடிக்கிற ராஜாங்கத்துக்கு, ஊரார் அவரைக் கூப்பிட ஒரு செயலி செய்து கொடுத்தவர். மலையும் பாறையுமான ஊரில் பாம்புக்கா பஞ்சம்?

ஒருநாள் காலை, துண்டும் போனுமாகக் குளியலறைக்குள் போன எழிலன், அலறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறினார். கதவுக்கும் அவருக்கும் நடுவே விருந்தாளி சுருண்டு கிடந்தது.

"இன்னாங்க, ராஜாங்கண்ணனக் கூப்புடட்டா?" என்றாள் வெளியிலிருந்து பூங்குழலி.

"வேணாம்! ஆப்புலதான் கூப்புடணும். அதான் முறை!"

செயலியைத் திறந்தார். 'வந்திருப்பது என்ன?' அதன் பெயரைச் சொன்னால் இன்னொன்றும் வந்துவிடும் என்று நம்மூரில் பயம் அல்லவா? 'பூச்சி' என்று எழுதினார். சிவப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு 'பாம்பு' என்றே எழுதினார். 'நீளம்?' 'பெருசு' என்றார். சிவப்பு, எண் மட்டும். சுருண்டு கிடப்பதை எப்படி அளப்பது? "கொஞ்சம் நீட்டிப் படேன், உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அதனிடமே கெஞ்சினார். அது தலையைத் தூக்கியது. கால் வழுக்க, 'பஸ் ஸ்டாண்டு பின்னால' என்று முகவரியைத் தட்டினார். போதாதாம். சிவப்பு! பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதியைப் போட்டது யார்?

பூங்குழலி பொறுத்துப் பார்த்தாள். பிறகு மொட்டைமாடிக்கு ஓடி, பக்கத்துத் தெருவைப் பார்த்து ஒரே கூச்சல் போட்டாள்: "ராஜாங்கண்ணே, பூச்சி!"

சட்டைகூடப் போடாமல் ஓடிவந்த ராஜாங்கம், ஒரு கேள்வியும் கேட்காமல் அதைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

எழிலன் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? தொட்டியிலிருந்து இறங்கியதும், "அண்ணே, எத்தினி அடி இருக்கும்?" என்றார்.

"அவுத்து உடறேன், நீயே அளந்துக்கோ."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அது என்ன பாம்பு, எத்தனை அடி என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன அரிப்பு இருக்கிறதா? இருந்தால், தொட்டி விளிம்பில் இன்னொரு ஆளுக்கு இடமிருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள்.