டர்போவின் பெண் ஹார்மோன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் பரவிக் கிடந்த ஆண்மையை மொத்தமாகக் குத்தகை எடுத்தவர் எங்கள் டர்போ. எங்கள் தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். குடை பிடிப்பது, லிஃப்டில் ஏறுவது, மோரில் தண்ணீர் விடுவது எல்லாம் அவருக்குப் 'பொம்பள வேலை'. ஸ்டோர்ஸில் பேனா பிடிக்கும் என்னை எதில் சேர்த்திருந்தார் என்று கேட்டதில்லை. சில கேள்விகளைக் கேட்காமலிருப்பதும் ஒரு வீரம்தான்.

ஒருநாள், ஸ்டோர்ஸில் கொடுத்த ஷூ சுருங்கிவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பெரிய சைஸ் கொடுத்தேன். அடுத்த வாரம் அதுவும் 'சுருங்கியது'. உண்மையில் வீங்கியது கால். திட்டி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது.

மனைவி செல்வியக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். துணைக்கு நான்.

"இதயம் பலவீனமா இருக்கு. ஆண் ஹார்மோனும் குறைவு. இதயம் இப்படி இருக்கற ஆண்களுக்கு அது நல்ல அறிகுறி இல்ல. நான் தர்ற மாத்திரைய விட்டா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

"எனுக்கா கம்மி? ரத்தம் மாறியிருக்கும்மா. இந்த சாரோடதா இருக்கும்!" என்று என்னைக் காட்டினார் டர்போ.

"பெண் ஹார்மோன் சரியான அளவுல இருக்கு. அது ரொம்பக் குறைஞ்சாலும் கூடினாலும் நல்லதில்ல."

"பொம்பள ஹார்மோனா? எனுக்குள்ளயா?"

"கல்யாணம் ஆனதுலேந்து நானும் தேடிக்கினுகிறேன், டாக்டர். எங்க கீதுன்னு காட்டுங்க" என்றார் செல்வியக்கா.

மறுநாளே சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம், ஆண்மை லேகியம் விற்பவன் முன்னால் நின்றார் டர்போ. செல்வியக்கா காலரைப் பிடித்தார். "டாக்டர் லேகியமா துன்னச் சொன்னாங்க? மாத்திர போடு, உப்பக் கொறன்னாங்க. நீ ஆம்பளயா செத்துட்டா, நான் யார் கூடய்யா சண்ட போடறது?"

டர்போ லேகியம் வாங்காமல் திரும்பினார். மாத்திரைதான் விழுங்கினார்.

லீவு முடிந்து கேன்டீனுக்கு வந்தவரைத் தூத்துக்குடிப் பையன் ஒருவன் சீண்டினான்: "என்ன அண்ணாச்சி, லிஃப்டுல வாறீய?"

டர்போ தட்டைக் கீழே வைத்தார். "ஆமாண்டா. ஹார்ட்டு வீக்கு. ஆம்பள ஹார்மோன் கம்மி. பொம்பள ஹார்மோன் கரெக்டா கீது. உனுக்கு இன்னா கீதுன்னு தெரியுமாடா? காலு வீங்கினா, மூச்சு வாங்கினா, மறைக்காம போய்க் காட்டுங்கடா!"

அந்த வாரம் எங்கள் மெடிக்கல் ரூம் வாசலில், மீசைகள் வரிசையில் நின்றன. கடைசியில் நின்ற மீசையில்லாத ஆள் நான்தான்.

என் இதயமும் பலவீனம்தானாம். இப்போது செக்கப்புக்கு நாங்கள் ஒன்றாகத்தான் போகிறோம். அவர் முன்னால் விறுவிறுவென்று நடக்கிறார். நான் இரைக்க இரைக்கப் பின்னால். திரும்பிப் பார்த்து நிற்பார்.

"மெதுவா வா சார். இன்னா அவசரம்?"

அந்தக் குரலை இன்னும் நிறைய வருஷம் கேட்க வேண்டும் எனக்கு.