சுகந்தா மச்சாள் படிப்பிச்ச ‘கெட்’

ஃபஹாஹீல்,
குவைத்.

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சுகந்தா மச்சாள் அவர்களுக்கு,

நானும் என் முழங்கால் வலியும் இவ்விடம் சுகமாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் பிரஷரும் பருத்தித்துறையில் அவ்வாறே இருக்க வல்லிபுர ஆழ்வாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் தாங்கள் கேட்பதில்லை. இங்கிலீஸ் ரீச்சராக இருந்தவர் அல்லவா, எழுத்தில் இருந்தால்தான் பிழை திருத்தலாம் என்பீர்கள். ஆகவே மஸ்கற்றிலிருந்து லீவில் ஊருக்கு வருமுன் என்னைப் பார்க்கச் சுற்றி வந்த என் மகன் சாருஜன் கையில் இதைத் தந்துவிடுகிறேன். இது ஒரு முறைப்பாட்டுக் கடிதம்.

நான் பிளேன் ஏற முதல்நாள் என்னை இருத்தி வைத்துத் தாங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “சுந்தரம்பாள், இங்கிலீஸிலை ‘கெட்’ எண்ட ஒரு சொல் காணும், எந்தத் தேசத்திலையும் பிழைக்கலாம். கெட் அப் எண்டால் எழும்பு. கெட் இன் எண்டால் ஏறு. கெட் டவுன் எண்டால் இறங்கு. கெட் த மில்க் எண்டால் பாலை எடுத்து வா.” நானும் நம்பி வந்தேன். வந்து பார்த்தால் எனக்கு வாய்த்தது குரோஷியாக்காரர் வீடு. இவான் ஐயா எண்ணெய்க் கம்பனி இன்ஜினியர், நல்ல இங்கிலீஸ். ஆனால் நான் பார்க்கவேண்டியது அவருடைய தாயை. யெலா அம்மா இடுப்பு முறிந்து பொருத்தின மனிசி, அவவுக்குத் தன்ரை பாஷையை விட்டால் ஒரு சொல்லும் தெரியாது.

சரி, ‘கெட்’டை அவையின்ரை பாஷைக்கு மாத்தினால் அலுவல் முடிஞ்சுது எண்டு நினைச்சு, டியூட்டிக்கு ஓடிக்கொண்டிருந்த இவானை மறிச்சுக் கேட்டன். “டோபிதி” எண்டுபோட்டு லிஃப்டுக்குள்ளை பூந்திட்டார். அண்டைக்கு முழுக்க நான் டோபிதிதான். எழும்பச் சொல்லி டோபிதி எண்டால் கிழவி கையை நீட்டுறா. தண்ணி குடுத்தன், குடிச்சா, எழும்பேல்லை. காரிலை ஏறச்சொல்லி டோபிதி எண்டன், திரும்பவும் கையை நீட்டினா, பிஸ்கட் குடுத்தன். பின்னேரம் இவான் வந்துதான் சொன்னார், டோபிதி எண்டால் ஒண்டு கைக்குக் கிடைக்கிறது, பெறுறது மட்டுந்தானாம். மற்றதுக்கெல்லாம் வேறை வேறை சொல்லாம். ஏறி உள்ளை போறது ‘உச்சி’. இறங்கிறது, உங்களாணை மச்சாள், ‘சிச்சி’! சூப்பர்மார்க்கட் வாசல்லை கார்க் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு “சிச்சி அம்மா, சிச்சி” எண்டு நான் கெஞ்ச, எங்கடை ஊர் டிரைவர் பெடியன் விமல் கிட்ட வந்து, “அன்ரி, வயசுபோன மனிசியை இப்பிடி அருவருக்கலாமோ?” எண்டு கேட்டுப்போட்டான். எனக்கு முகம் கறுத்துப்போச்சு.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. சாருஜன் வெள்ளிக்கிழமை வாறான், எயார்போர்ட்டிலை போய்க் கூட்டி வரவேணும். இவான் சைட்டிலை தங்கி வேலை, வீட்டிலை இல்லை. அப்ப யெலா அம்மாவிட்டைத்தானே சொல்லவேணும்? மகனைக் கூட்டி வாறதுக்கும் ‘கெட்’ தான் எண்டு நீங்கள் படிப்பிச்சது, மகனும் கைக்குக் கிடைக்கிறவன்தானே, டோபிதி சரிவரும் எண்டு நினைச்சன். அவையின்ரை பாஷையிலை மகனுக்கு ‘சின்’. நான் நெஞ்சிலை கையை வைச்சு, “நான் டோபிதி சின், வெள்ளிக்கிழமை” எண்டு கலண்டரையும் தொட்டுக் காட்டினன். மனிசி என்ரை முகத்தைப் பாத்தா, வயித்தைப் பாத்தா. என்ரை வயித்தைப் பற்றி உங்களுக்குத் தெரியுந்தானே. சிலுவை போட்டுக்கொண்டு, “ட்ரூட்னா? ட்ரூட்னா?” எண்டா. அட, கிழவிக்கும் கொஞ்சம் இங்கிலீஸ் வருது, உண்மையோ எண்டு கேக்கிறா எண்டு நினைச்சு நானும் “ட்ரூ, ட்ரூ” எண்டு தலையை ஆட்டினன்.

அவ்வளவுதான். தும்புத்தடியைப் பறிச்சுப்போட்டு என்னைக் கதிரையிலை இருத்தினா. பொல்லு ஊண்டிக்கொண்டு தானே குசினிக்குப் போய் சூப் வைச்சா. கம்பளி நூலை எடுத்துப் பின்னத் தொடங்கினா. வீடியோவிலை தன்ரை தங்கச்சியைக் கூப்பிட்டு என்ரை வயித்தைக் காட்டினா. அங்கை நாலைஞ்சு கிழவியள் ஓடிவந்து திரையை மறைச்சுக்கொண்டு எனக்குக் கை காட்டுதுகள். என்ரை பிள்ளை வாறதுக்கு இவ்வளவு சந்தோசப்படுற சனமோ எண்டு எனக்குக் கண் கலங்கிப்போச்சு மச்சாள்.

வியாழக்கிழமை இவான் வந்தார். தாய் என்னவோ சொல்ல மனிசன் வெளிறிப்போனார். என்னை இருத்திப்போட்டு மெதுவாக் கேட்டார்.

“சுந்தரா, நாளைக்குப் பிள்ளை கிடைக்கப்போகுதோ?”

“ஓம் சேர்.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“ஆஸ்பத்திரி ஏன் சேர்? எயார்போர்ட்.”

“எயார்போர்ட்டிலையோ! தகப்பன் ஆர்?”

“அவர் செத்து எவ்வளவு காலம், சேர்!”

மனிசன் தலையைப் பிடிச்சுக்கொண்டு நிலத்திலை இருந்திட்டார். அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சுது. பெறுறது! எங்கடை தமிழிலை பெறுறது எண்டால் பிள்ளை பெறுறதுந்தானே, அவையின்ரை டோபிதியும் அப்பிடியாம். ட்ரூட்னா எண்டது பிள்ளைத்தாச்சியாம். இந்த நாட்டிலை என்னைப் போலை ஒரு கைம்பெண்ணைப் பற்றி அப்பிடி ஒரு கதை வெளியாலை போனால் வேலை போறது கிடக்கட்டும், பொலிஸ் வரும். “மாஃபி பேபி சேர், பேபி இல்லை!” எண்டு கத்திக்கொண்டு போனை எடுத்து சாருஜன்ரை படத்தைக் காட்டினன். தாடியும் மீசையுமா நிக்கிற படம். இவான் பாத்தார், தாய்க்கும் காட்டினார், பேந்து சிரிக்கத் தொடங்கினவர் நிப்பாட்டேலாமல் சுவரிலை சாஞ்சிட்டார். யெலா அம்மா மட்டும் சிரிக்கேல்லை. பின்னின குட்டித் தொப்பியை மடியிலை வைச்சுக்கொண்டு அப்பிடியே இருந்தா. எனக்குப் பாவமாப் போச்சு.

வெள்ளிக்கிழமை அவவும் எயார்போர்ட்டுக்கு வந்தா. சாருஜன் அவவின்ரை காலிலை விழ, அவன்ரை தலையிலை அந்தத் தொப்பியை வைச்சு அமத்திப் பாத்தா. உச்சியிலை ஒரு வடை போலை நிண்டுது. அப்பதான் கிழவி சிரிச்சா. அப்பிடி ஒரு சிரிப்பு, பொல்லும் விழுந்திட்டுது.

ஆனபடியால் மச்சாள், உங்கடை ‘கெட்’டை இனி ஒருதருக்கும் படிப்பிக்காதேங்கோ. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, எனக்கு இனி எல்லாம் விளங்கும். ஒப்பந்தம் முடியத் தைப்பொங்கலுக்கு ஊரோடை வந்து, தமிழைத் தவிர ஒரு பாஷையும் கதையாமல் இருக்கப்போறன். உங்களுக்கும் பிள்ளையளுக்கும் ஆழ்வார் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
சுந்தரம்பாள்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக இவான் வந்து நெடுநேரம் என்னவோ இங்கிலீஸிலை சொல்லிப்போட்டு, “யூ கெட் இட்?” எண்டார். என்னவோ தரப்போறார் எண்டு நினைச்சு “யெஸ் சேர், ஐ கெட்” எண்டுபோட்டன். பக்கத்திலை நிண்ட சாருஜன் தலையிலை கையை வைச்சிட்டான். கம்பனி இவானைத் திருப்பித் தன்ரை ஊருக்கு எடுக்குதாம், அம்மாவோடை நானும் குரோஷியாவுக்கு வரவேணுமாம், விளங்கிச்சுதோ எண்டுதான் கேட்டவராம். யெலா அம்மா கட்டிப்பிடிச்ச பிடியை இன்னும் விடேல்லை, நானும் மாட்டன் எண்டு சொல்லேல்லை. பொங்கலுக்கு என்னைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம். அங்கை ஐஸ் கொட்டுமாம். தடிமன் பிடிக்கிறதுக்கும் ‘கெட்’ தானோ எண்டு சாருஜனிட்டை எழுதி விடுங்கோ.